கற்பூரத்துக்குக் கூப்பிடாதவர்கள்

செம்பரந்தாங்கல்,
கருங்குழி வழி.
8-8-2021

என் தயாளனுக்கு,

ஏகாம்பரம் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைத்தது இல்லை. நானே உட்கார்ந்து நானே எழுதுகிறேன். நம்பாவிட்டால் கையெழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக வேறு யார் எழுதுவார்கள்?

இங்கே நாங்கள் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்த இடத்தில் இன்னும் வலிக்கிறதா? கேளம்பாக்கத்தில் ஆறாவது மாடி என்றாயே, லிப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று வீட்டுக்காரி சரோஜா கேட்கச் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடந்தது. கிழக்குத் தெரு விஜயகுமாரிதான் சொல்லிக் கொடுத்தாள். செங்கல்பட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பையனுக்கு வாழ்க்கைப்பட்ட பெண். நானும் சரோஜாவும் போனோம். சரோஜா எனக்கு முன்பே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். அதை அவளே ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்கிறாள். நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

தயாளா, கருங்குழியில் நாம் டீ குடிக்கிற நாயர் கடையின் பெயர் நாயர் கடை இல்லை. போர்டில் 'ஸ்ரீ தனலட்சுமி காபி பார்' என்று இருக்கிறது. நாயரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவருக்கே மறந்துபோயிருந்தது. போன வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் இருக்கிற போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டே போனேன். மதுராந்தகத்தில் இறங்க வேண்டியவன் மேல்மருவத்தூரில் இறங்கினேன். கண்டக்டர் திட்டினார். திட்டு வாங்கியதில் வருத்தமே இல்லை. திரும்பி வரும்போது மறுபக்கத்துப் போர்டுகள் கிடைத்தன.

நம் ஊர் மேல்நிலைத் தொட்டியின் தூணில் ஒரு கல் பதித்திருக்கிறதே, அதில் உன் பெயர் இருக்கிறது. 'ஊராட்சி மன்றத் தலைவர் தி. தீனதயாளன்.' இத்தனை வருஷம் அந்தத் தூணில் மாட்டைக் கட்டியிருக்கிறேன், உன் பெயரில் கட்டுகிறேன் என்று தெரியாது. விரலை வைத்து வைத்துப் படித்தேன். உன்னையே பார்த்ததுபோல இருந்தது.

தொட்டியில் தண்ணீர்தான் இல்லை. ஆனி மாதம் மோட்டார் எரிந்துபோனது. பெண்கள் ராஜாராம் சூளைக்குப் பின்னால் இருக்கிற பம்புசெட்டுக்குக் குடம் எடுத்துப் போகிறார்கள்.

நீ போன் பண்ணிப் பதில் சொல்லாதே. கடிதம் போடு. தபால்காரன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான்.

உன் பெயரைப் படிக்கத் தெரிந்த
ஏகாம்பரம்


கேளம்பாக்கம்,
17-8-2021

அன்பு ஏகா,

உன் கடிதத்தை என் மருமகள் ஜெயப்பிரியாதான் லெட்டர் பாக்ஸிலிருந்து எடுத்து வந்தாள். கரண்டு பில்லோடு சேர்ந்து கிடந்ததாம். உறையைப் பார்த்ததும் ஏதோ மனு என்று நினைத்தேன். பிரித்தால் நீ. எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. நன்றாக இருக்கிறது, கோணல் உட்பட.

கால் பரவாயில்லை. லிப்ட் நின்றால் படியில் உட்கார்ந்து கட்சிக்காரர்களுக்குப் போன் பேசுவேன் என்று சரோஜாவிடம் சொல்.

அந்தத் தொட்டி வந்த கதை உனக்குத்தான் தெரியும். என் சைக்கிளை நீ மிதிக்க, நான் பின்னால் ஃபைலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆபீஸ் ஆபீஸாகப் போனோம். இன்றைக்கு அப்படிப் போனால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான்.

ஒரு விஷயம். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது. நம் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. ஜெயப்பிரியாவின் ஓட்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. என் மகன் ஹரிஹரனுக்கு அவளை நிறுத்த வேண்டும் என்று ஆசை. ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுது. நீ எழுதினால்தான் எனக்கு உண்மை தெரியும். மற்றவர்கள் எனக்குப் பிடித்ததைத்தான் சொல்கிறார்கள்.

என்றும் உன்
தயாளன்


செம்பரந்தாங்கல்,
7-9-2021

என் தயாளனுக்கு,

தபால்காரன் கூப்பிட்டான். நான் வீட்டுக்குள் இருந்துகொண்டே, "இன்னொருவாட்டி கூப்புடுபா" என்றேன். கூப்பிட்டான். நல்ல பையன்.

உனக்கு சந்தோஷமான செய்தி. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. உன் மகன் ஹரி வந்திருந்தான். நீ வராததால் நடந்ததை எழுதுகிறேன். ஹரி சொல்லியிருப்பான், ஆனாலும் நான் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

கோயில் தர்மகர்த்தா வெங்கடேசன்தான் பேசினார். தேர்தல் என்று வந்தால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வரும், செலவு ஆகும். அதனால் தலைவர் பதவியை யார் அதிகத் தொகைக்குக் கேட்கிறார்களோ அவர்களுக்கே விட்டுவிடலாம், அந்தப் பணத்தில் அம்மனுக்குக் கோபுரம் கட்டிக் கும்பாபிஷேகம் செய்யலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பிறகு வெங்கடேசன், "இத்த ஏலம்னு எவனும் வெளிய சொல்லாத. கலெக்டர் ஆபீஸ் காதுல வுழுந்தா பேஜாரு. ஊர்க்கூட்டம்னு சொல்லு, போதும்" என்றார். அதனால் நானும் ஊர்க்கூட்டம் என்றே எழுதுகிறேன்.

உன் மகனும் சூளைக்காரர் ராஜாராமும் கேட்டார்கள். ராஜாராம் தன் சம்சாரத்துக்காகக் கேட்டார். இவர் ஏற்ற அவன் ஏற்ற, கடைசியில் ராஜாராம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு இன்னாத்துக்குபா, சூளையே போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். எந்தத் தொகைக்கு முடிந்தது என்று எழுத மாட்டேன். அவ்வளவு பெரிய எண்ணை எழுத விஜயகுமாரி இன்னும் சொல்லித்தரவில்லை.

பிறகு தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். "வூட்டுக்கு ஒரு ஆம்பள வந்து அணைச்சிட்டுப் போங்க" என்றார் வெங்கடேசன். போட்டி போட மாட்டேன், போட்டிக்குத் துணையும் போக மாட்டேன் என்று சொல்லி ஒவ்வொருவராகக் கையால் கற்பூரத்தை அணைத்தோம். என் முறை வந்தபோது கற்பூரம் புதிதாகப் போட்டிருந்தார்கள், நன்றாகச் சுட்டுவிட்டது. பேனா பிடிக்கிற கை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு மெதுவாக நடக்கிறது. நேற்று ஆரம்பித்தேன்.

எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. தலைவர் பதவி உன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. முதல் வேலையாக அந்த மோட்டாரைப் பார்க்கச் சொல். விஜயகுமாரி மதுராந்தகம் ஒன்றிய ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு நடையாய் நடக்கிறாள். தலைவர் என்று ஒருவர் வரட்டும், வந்தால் பார்க்கலாம் என்றே ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்கள். இப்போது வந்தாயிற்றே.

உள்ளங்கை சுட்ட
ஏகாம்பரம்


கேளம்பாக்கம்,
11-9-2021

அன்பு ஏகா,

கடிதம் கிடைத்தது. ஹரி சொன்னதைவிட நீ எழுதியதுதான் தெளிவு. கைக்கு வெண்ணெய் தடவு.

மோட்டார் விஷயம். அவசரப்படாதே. உன்னிடம் மனம் விட்டு ஒன்று சொல்கிறேன், வெளியில் பேச வேண்டாம். ஊருக்குச் செய்ய வேண்டியதை நாங்கள் முன்கூட்டியே செய்துவிட்டோம். கோபுரம் எழும்பப் போகிறதே, அது யாருடைய கைங்கரியம்? அதற்கு மேலும் குழாய், விளக்கு, சாக்கடை என்று ஆளாளுக்கு வந்து நின்றால் ஹரிக்குக் கட்டுப்படி ஆகாது. அவன் ஏரிக்கு மேற்கே மனைப்பிரிவு போடப் போகிறான். ஊராட்சி கையில் இருந்தால் அதற்கு வசதி. வேறொன்றும் இல்லை. ஜெயப்பிரியா ஊருக்கு வந்து போக முடியாது, அவளுக்கு வேலை இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் இங்கே வந்துவிடும்.

காலம் மாறிவிட்டது, ஏகா. நான் தலைவராக இருந்தபோது வீட்டு வாசலில் செருப்பு குறைந்ததே இல்லை. என் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தத் தொல்லை அவர்களுக்கு வேண்டாம்.

நீ சந்தோஷப்பட்டதில் எனக்கும் சந்தோஷம்.

உன்
தயாளன்


செம்பரந்தாங்கல்,
20-9-2021

என் தயாளனுக்கு,

கோபப்படாமல் படி. நான் இதைக் கோபப்படாமல்தான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். எனக்கு இன்னும் மனசுக்குள் படிக்க வராது, வாய்விட்டால்தான் வரும். வெளியில் பேச வேண்டாம் என்ற இடம் வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஆனால் சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அந்த எடத்தத் திருப்பிப் படி" என்றாள். முன்கூட்டியே செய்துவிட்டோம் என்ற இடம். திருப்பிப் படித்தேன்.

"அப்ப மோட்டாரு ரிப்பேரானா யாராண்ட போய்க் கேக்கறது?" என்றாள்.

"தயாளனாண்டதான்" என்றேன்.

"அவருதான் குடுத்தாச்சுன்றாரே. கோபுரத்தாண்ட போய்க் கேக்கவா?"

இதற்குப் பதில் உனக்கு வந்தால் எழுது.

மறுநாள் விஜயகுமாரி வந்தாள். அவளும் சரோஜாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு பத்தி படிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். ஊர் சத்தியம் செய்துவிட்டதே அத்தை, இனிமேல் என்ன செய்வது என்று விஜயகுமாரி சொல்வது காதில் விழுந்தது. அதற்கு சரோஜா சொன்னாள்: "யாரு பண்ணது? நீ பண்ணியா, நான் பண்ணேனா? சீட்டு பொம்பளைங்களுக்காம், கற்பூரம் மட்டும் ஆம்பளைங்களுக்காம். எங்கள யாரு கூப்ட்டாங்க?"

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. யோசித்துப் பார், தயாளா. இத்தனை பெரிய மனிதர்கள் கூடி, வீட்டுக்கு ஒரு ஆம்பளையாகக் கூப்பிட்டு, ஊரையே கட்டினோம். நிற்கக்கூடியவர்களில் ஒருத்தியைக்கூடக் கட்டவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். விஜயகுமாரி தலைவர் பதவிக்கு மனு தாக்கல் செய்துவிட்டாள். முன்மொழிந்து கையெழுத்துப் போட்டது சரோஜா. நான் மதுராந்தகம் வரை கூடப் போனேன், அவளுக்கு ரோடு தாண்டப் பயம். ஆனால் ஆபீசுக்குள் போகவில்லை. துணை போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆபீசுக்குள் இருந்த ஆள் சரோஜாவிடம் கைநாட்டா என்று கேட்டு மைப் பெட்டியை நகர்த்தினாராம். இவள் அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெளியே வந்து, "போட்டாச்சு, எனக்கு ஒரு டீ சொல்லு" என்றாள். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

வெங்கடேசன் வீட்டுக்கு வந்து அம்மன் சும்மா விடாது என்று சத்தம் போட்டார். சரோஜா கதவுக்குப் பின்னாலிருந்து, "அம்மனயே கூப்ட்டுக் கேளுங்க, அதுவும் பொம்பளதான்" என்றாள். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நீ கேட்டாய், ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எழுது, நீ எழுதினால்தான் உண்மை தெரியும் என்று. அதனால் எழுதிவிட்டேன்.

உன்
ஏகாம்பரம்


கேளம்பாக்கம்,
23-9-2021

ஏகா,

தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. ஹரியின் டிரைவர் ஏசுதாஸிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்று போன் செய்தேன். சரோஜா எடுத்து, நீ எழுதிக்கொண்டிருக்கிறாய், எழுந்து வர மாட்டாய் என்று வைத்துவிட்டாள்.

நான் கோபப்படவில்லை. வயதாகிவிட்டது, கோபம் சர்க்கரையை ஏற்றுகிறது. ஆனால் ஊர் முன்னால் என் மகன் கொடுத்த வாக்கும் பணமும் என்ன ஆவது? கோபுரத்துக்கு அஸ்திவாரம் தோண்டியாயிற்று. நாளைக்கு வெங்கடேசன் ஊர் ஊராகச் சொல்வார், தீனதயாளனின் சிநேகிதன் வீட்டிலிருந்தே காலை வாரிவிட்டார்கள் என்று. கட்சியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி வரை வாபஸ் வாங்கலாம். விஜயகுமாரி உனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவள். நீ சொன்னால் மறுக்க மாட்டாள். மோட்டாரை என் சொந்தச் செலவில் மாற்றித் தருகிறேன் என்று சொல். அவள் புருஷனுக்கு ஹரி வேறு ஏதாவது பார்த்துச் செய்வான்.

இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். அவளிடம் போய்ப் பேசு.

தீனதயாளன்


செம்பரந்தாங்கல்,
25-9-2021

என் தயாளனுக்கு,

நீ கேட்டதைச் செய்தேன். முழுக்கச் செய்தேன். அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன்.

ஏசுதாஸ் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்குத் தெருவுக்குப் போனேன். சரோஜா எங்கே என்று கேட்டாள். தயாளன் ஒரு வேலை சொல்லியிருக்கிறான் என்றேன். அவள் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். அது எனக்குப் பயமாக இருந்தது.

விஜயகுமாரி வீட்டில் இல்லை. பம்புசெட்டில் வரிசையில் நின்றிருந்தாள், இடுப்பில் ஒரு குடம், காலடியில் ஒரு குடம். அங்கேயே வரப்பில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. மோட்டார் மாற்றித் தருவாய் என்பதையும் படித்தேன், அவள் புருஷனுக்குப் பார்த்துச் செய்வீர்கள் என்பதையும் படித்தேன். சுற்றி நின்ற பெண்களும் கேட்டார்கள். மனசுக்குள் படிக்க வந்திருந்தால் அப்படி ஆகியிருக்காது. அதற்கு என்னை மன்னித்துவிடு.

விஜயகுமாரி இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அவரு சொல்றது புரியுது மாமா. நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் சேதி கொண்டுவந்தவன், அவ்வளவுதான் என்றேன். அவள் விடவில்லை.

"நீங்க சொன்னா வாபஸ் வாங்கிட்டு வந்துர்றேன். நெசமாத்தான் சொல்றேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

தயாளா, அவள் நிஜமாகவே வாபஸ் வாங்கியிருப்பாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பயந்துபோயிருந்தாள். ராத்திரியில் யாரோ ஆட்டோ கண்ணாடியை உடைத்திருந்தார்கள். நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஹரி இல்லை என்று நம்புகிறேன்.

அந்த இடத்தில் நீ கேட்ட ஒரே உதவி என் வாயில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான் அந்தக் குடங்களைப் பார்த்தேன். நீ மாற்றித் தருகிற மோட்டார் நல்ல மோட்டாராகத்தான் இருக்கும். அதுவும் ஒருநாள் எரியும். அப்போது இந்தப் பெண்கள் யாரிடம் போவார்கள்?

"நில்லும்மா" என்றேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது துணை போனதாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆகும் என்றால் அம்மன் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும், சரோஜாவையோ அந்தப் பெண்ணையோ வேண்டாம் என்று கோயிலுக்குப் போய் வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது.

இப்போது மணி மூன்று தாண்டிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

மாறாத
ஏகாம்பரம்


செம்பரந்தாங்கல்,
14-10-2021

என் தயாளனுக்கு,

நேற்றுத்தான் எண்ணிக்கை முடிந்து எல்லோரும் தூங்கி எழுந்தார்கள். முடிவு உனக்குத் தெரியும். நான் அதை எழுதப் போவதில்லை. தோற்ற வீட்டுக்கு எண்ணிக்கை எழுதி அனுப்புகிறவன் மனிதன் இல்லை.

நீ ஓட்டுக் கேட்டு வந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். மூட்டு வலியோடு, கைத்தடி ஊன்றி, வெயிலில் கிழக்குத் தெரு முழுக்க நடந்தாய். பக்கத்தில் ஜெயப்பிரியா. பாவம், அந்தப் பெண்ணுக்கு எந்த வீட்டில் யார் என்று தெரியவில்லை, எல்லோரையும் ஆன்ட்டி என்றாள். ஆனாலும் மரியாதையாகக் கும்பிட்டாள். உன்னோடு வந்த கூட்டம் தெருவைத் தாண்டியதும் கடைசி வீட்டுக் கிழவி, "இவரு இன்னும் உசுரோட கீறாரா? தெரிஞ்சா மோட்டாருக்கு அப்பவே போய்ச் சொல்லியிருப்பேனே" என்றாள். நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். பழைய தயாளன் நின்று சிரித்துவிட்டு அந்தக் கிழவியிடம் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பான்.

நீ எங்கள் வாசலில் நின்றாய். நான் எழுந்து வந்தேன். நீ என்னையும் கும்பிட்டாய், மற்றவர்களைக் கும்பிட்டதுபோலவே. எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. மோர் கொண்டுவர சரோஜா உள்ளே போனாள். அவள் வருவதற்குள் நீ போய்விட்டாய். அந்த மோரை நான்தான் குடித்தேன்.

ஹரியின் ஆட்கள் வீடு வீடாகக் கவர் கொடுத்தார்கள். சரோஜா வாங்கவில்லை என்று பெருமையாக எழுத ஆசை. வாங்கிவிட்டாள். "குடுத்தாங்க, வாங்கினேன். ஓட்டு வேற" என்கிறாள். இதில் எனக்கும் அவளுக்கும் இரண்டு நாள் பேச்சு இல்லை. கவரைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்கு மேலே வைத்திருக்கிறேன். நீ வரும்போது எடுத்துப் போகலாம்.

இப்போது முக்கியமானது. ஓட்டுச் சாவடியில் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் நீ எந்தச் சின்னம் என்று காட்டி அனுப்புவாய், குத்திவிட்டு வருவேன். இந்த முறை நெடுநேரம் ஆயிற்று. பெரியவரே, ஆச்சா என்று அந்தப் பக்கத்திலிருந்து அதிகாரி கேட்டார். இருங்க சார், யோசிச்சுகினு கீறேன் என்றேன்.

விஜயகுமாரிக்குப் போட்டேன்.

இது யாருக்கும் தெரியாது. சரோஜாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கேட்டாள், கற்பூரம் சுட்ட கையைக் காட்டி மழுப்பிவிட்டேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு மேலே 'என் தயாளனுக்கு' என்று எழுத எனக்கு வராது. இப்போதுதான் எழுதக் கற்றுக்கொண்டேன். அதற்குள் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று பார்க்கிறேன்.

திட்டியாவது ஒரு வரி போடு.

ஏகாம்பரம்


செம்பரந்தாங்கல்,
4-11-2021

என் தயாளனுக்கு,

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன். மழை விடவில்லை. பட்டாசு நமத்துப்போனது என்று பிள்ளைகள் அழுகிறார்கள்.

தபால்காரன் தினமும் நம் தெரு வழியாகத்தான் போகிறான். நான் ஒன்றும் கேட்பதில்லை. அவனே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான்.

உன் கால் மழைக்கு வலிக்கும். பார்த்து நட. ஜெயப்பிரியாவுக்கும் ஹரிக்கும் எங்கள் ஆசீர்வாதம். சரோஜா அதிரசம் சுட்டாள். அனுப்பலாம் என்றால் நீ திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று வைத்துக்கொண்டோம்.

ஏகாம்பரம்


கேளம்பாக்கம்,
12-12-2021

ஏகா,

போன வாரம் ஊருக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. மழையில் நம் பழைய வீட்டில் ஒழுகுகிறது என்று சொன்னார்கள், பார்க்க வந்தேன். ஒரு ராத்திரி அங்கேயே தங்கினேன். பகலில் தெருவில் இறங்க மனம் வரவில்லை. வெங்கடேசன் பணத்தை இன்னும் திருப்பித் தரவில்லை, அதற்காக வந்தேன் என்று நினைப்பார்கள். கோபுரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உன் கடிதங்களை எல்லாம் படித்தேன். உடனே பதில் எழுதியிருந்தால் பிறகு வருத்தப்படுகிற மாதிரி எழுதியிருப்பேன். கட்சியில் என்னிடம் பொய் சொல்லி ஓட்டுப் போடாதவர்கள் நிறையப் பேர். போடவில்லை என்று எழுதி அனுப்பியவன் நீ ஒருவன்தான். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

இன்னொன்று. ஊரில் என் வீட்டு எதிரே கம்பத்தில் விளக்கு எரியவில்லை. இருட்டில் படி தெரியாமல் கால் பிசகப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு ரொம்ப நாளாக அப்படித்தான் என்கிறார்கள். நான் தலைவராக இருந்தபோது என்னிடம் சொல்வார்கள். இப்போது இதை யாரிடம் சொல்ல வேண்டும்?

தயாளன்


செம்பரந்தாங்கல்,
16-12-2021

என் தயாளனுக்கு,

தபால்காரன் தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தான். நான் இன்னொருமுறை கூப்பிடச் சொல்லவில்லை. நானே எழுந்து ஓடினேன்.

ஊருக்கு வந்து எங்கள் வீட்டுக்கு வராமல் போனதை சரோஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உன்னைக் காப்பாற்ற என்னால் முடியாது.

விளக்கு விஷயம். விஜயகுமாரி தினமும் காலையில் பஸ் வருவதற்கு முன்பே ஊராட்சி ஆபீஸைத் திறந்துவிடுகிறாள். உள்ளே நான்கு நாற்காலி, வெளியே வரிசை. மோட்டார் வந்துவிட்டது. ஆனால் அது வருவதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று தினமும் போய்த் திட்டிவிட்டு வருகிறவள் யார் தெரியுமா? முன்மொழிந்து கையெழுத்துப் போட்டாளே, அவளேதான். நேற்று நானும் போனேன். என் முதியோர் பென்ஷன் இரண்டு மாதமாக வரவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லித் தந்த பெண் என்றுகூடப் பார்க்காமல் நன்றாகக் கேட்டுவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது. வீட்டுக்கு வந்தபிறகு எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நாளைக்கும் போவேன்.

உன் விளக்கை நான் போய்ச் சொல்ல மாட்டேன். எரியாதது உன் வீட்டு எதிரே. நீதான் வந்து கேட்க வேண்டும். ஹரியின் காரில் வராதே, வரிசையில் இருப்பவர்கள் பயந்து வழிவிடுவார்கள். காலை பஸ்ஸில் வா. கருங்குழி நிறுத்தத்தில் நான் நிற்கிறேன்.

வந்து அவளை நன்றாகத் திட்டு, தயாளா. அவள் கேட்டுக்கொள்வாள். இப்போது அது அவள் வேலை.

பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும்
ஏகாம்பரம்